பூச்சியத்தை அளப்பவர் எவர்?

ஐப்பசி பிறந்துவிட்டால் தமிழ் இணையத்தில் ஒரு கூட்டம் உறக்கத்தை மறந்துவிடுகின்றது. வங்காள விரிகுடாவின் தென்மேற்கில் ஒரு மேகத்திரள் மெல்லச் சுழலத் தொடங்கினால் போதும். செய்மதிப் படம் என்ன காட்டுகின்றது, ஐரோப்பிய மாதிரி சொல்வது சரியா அமெரிக்க மாதிரி சொல்வது சரியா, காரைக்கால் ராடரில் தெரிகின்ற சிவப்புப் பொட்டு நாகபட்டினத்துக்குப் போகின்றதா பருத்தித்துறைக்கு வருகின்றதா, எந்த ஊரில் எத்தனை மில்லிமீற்றர் என்று விடிய விடியக் கணக்கு நடக்கின்றது. சென்னையில் இருப்பவரும் கிளிநொச்சியில் இருப்பவரும் ரொறன்ரோவில் இருப்பவரும் ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.

இந்த வானிலை ஆர்வலர்களைப் பற்றி இரண்டு விதமான பேச்சுக்கள் அடிக்கடி என் காதில் விழுகின்றன. அதிகாரிகள் பேசுவது ஒன்று: 'பட்டமும் பதவியும் இல்லாதவர்கள் பீதியைக் கிளப்புகின்றார்கள், இவர்களை அடக்க வேண்டும்.' ஆர்வலர்களின் இரசிகர்கள் பேசுவது மற்றொன்று: 'திணைக்களம் எதற்கு, இவர்களே போதும்.' இரண்டையும் நான் ஏற்கவில்லை. முதலாவது அநியாயம், இரண்டாவது அறியாமை. இரண்டுக்கும் அப்பால், எவரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கின்றது. அதைக் கேட்பதற்காகவே இதனை எழுதுகின்றேன்.

முதலில் அநியாயத்தைப் பார்ப்போம்.

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த நாட்களில் மழை அறிக்கை என்பது நான்கு வரி. 'நாட்டின் பல பாகங்களிலும் இடைக்கிடை மழை பெய்யக்கூடும்.' அந்த நான்கு வரிகளும் கொழும்பிலிருந்து வரும். 'பல பாகங்கள்' எவை என்று கேட்டால் பதில் வராது. முல்லைத்தீவில் மீன்பிடிக்கப் போகின்றவருக்கும் மொனராகலையில் நெல் காயவைப்பவருக்கும் அதே நான்கு வரிகள்தாம். ஆர்வலர்கள் செய்த முதற்காரியம் அந்த நான்கு வரிகளை உடைத்ததாகும். எந்த மாவட்டம், எத்தனை மணி, காற்று எந்தத் திசை என்று அவர்கள் எழுதினார்கள். தமிழ்நாட்டில் பிரதீப் ஜான் என்ற தனிமனிதரின் பதிவுகளை இலட்சக்கணக்கானோர் படிக்கின்றனர். நமது வடக்கிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் புவியியல்துறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜா எழுதுகின்ற குறிப்புகளைப் பார்த்தே பல கமக்காரர்கள் அறுவடைக்கு நாள் குறிக்கின்றனர். பின்னவர் பொழுதுபோக்காளர் அல்லர், துறைசார் அறிஞர். எனினும் மக்கள் இருவரையும் நாடியதற்குக் காரணம் ஒன்றுதான்: தமக்கு விளங்குகின்ற மொழியில், தமது ஊரின் பெயரைச் சொல்லி ஒருவர் பேசினார்.

வெற்றிடத்தை உண்டாக்கியவர் யார்? இலங்கை ஒரு தீவு. இரு பருவக்காற்றுகளும் இதன்மீது ஏறி இறங்குகின்றன. அவ்வாறிருந்தும் தெனியாயவுக்கு அருகே கொங்கல மலையில் ஒரு டொப்ளர் ராடரை நிறுவ எடுத்த முயற்சி பணத்தை விழுங்கித் தோல்வியில் முடிந்தது. 2017 இல் ஜப்பானின் கொடையில் புத்தளத்திலும் பொத்துவிலிலும் இரண்டு ராடர்களை அமைக்க உடன்பாடு கைச்சாத்தானது. எட்டு ஆண்டுகள் கழிந்து, 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது, நாட்டில் இயங்கும் டொப்ளர் ராடர் ஒன்றுகூட இருக்கவில்லை. தன் தலைக்கு மேலே என்ன பெய்கின்றது என்பதை அறிய வடக்கில் ஓர் இளைஞன் இந்தியாவின் காரைக்கால் ராடரைப் பார்க்கின்றான் என்றால், வெட்கப்படவேண்டியவன் அந்த இளைஞன் அல்லன்.

மொழியின் கதையோ இன்னும் கசப்பானது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. டித்வாவின்போது எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்திலும் உரிய அளவிலும் வெளிவரவில்லை என்ற குற்றச்சாட்டு பகிரங்கமாக முன்வைக்கப்பட்டது. அந்தப் புயலில் 600 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் மண்சரிவுகளே பெரும்பாலான உயிர்களைக் குடித்தன. மலைச்சரிவின் லயங்களில் யார் வாழ்கின்றார்கள், அவர்கள் எந்த மொழியில் வாசிக்கின்றார்கள் என்பதை நான் சொல்லித்தான் வாசகர் அறியவேண்டும் என்பதில்லை. விளங்கக்கூடிய மொழியில் எச்சரிக்காத ஓர் அரசுக்கு, விளங்கக்கூடிய மொழியில் எழுதுகின்றவனைப் பார்த்து 'பீதி' என்று சொல்ல என்ன உரிமை?

ஆகவே ஆர்வலர்களை அடக்கவேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இனி ஆர்வலர்களோடு எனது வழக்கு.

உங்கள் கண்கள் சிவப்பை மாத்திரமே பார்க்கின்றன.

2017 மே மாத இறுதியை நினைவுகூருங்கள். பின்னர் மோரா என்ற பெயரோடு பங்களாதேசைத் தாக்கிய அமைப்பு வங்கக்கடலில் உருவாகிக்கொண்டிருந்தது. அது தென்மேற்குப் பருவக்காற்றை இழுத்தது. 25 ஆம் திகதி இரவும் மறுநாளும் இரத்தினபுரி, களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் வானம் உடைந்தது. குக்குலே கங்கையில் 24 மணிநேரத்தில் 500 மில்லிமீற்றருக்கு மேல் பதிவானது. 200 க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த எண் தந்த கிளர்ச்சியில் மழைக்கணக்குப் பக்கங்கள் அதிர்ந்தன. சாதனை, வரலாற்றுப் பதிவு, முறியடிப்பு என்ற சொற்கள் பறந்தன.

அதே நாட்களில், அதே தீவில், மத்திய மலைநாட்டின் மறுபுறத்தில் என்ன நடந்தது? 2016 ஒக்ரோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்யவேண்டிய மழை பொய்த்திருந்தது. நாற்பது ஆண்டுகளில் மிக மோசமான வரட்சி என்று சர்வதேச அமைப்புகள் கூறிய வரட்சி அது. பெரும்போகம் பொய்த்தது, குளங்களில் நீர் இல்லாமையால் சிறுபோகம் பல இடங்களில் விதைக்கப்படவேயில்லை. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் 2017 ஜூனில் வெளியிட்ட கூட்டு மதிப்பீடு, அவ்வாண்டின் நெல் உற்பத்தி 27 இலட்சம் தொன்னாகக் குறையும் என்றும், அது முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 40 வீதம் குறைவு என்றும் சொன்னது. சுமார் 9 இலட்சம் மக்கள் கடும் உணவு நெருக்கடியை எதிர்நோக்குவதாகவும் அது கூறிற்று.

தெற்கில் மழையைக் கொட்டிய அதே காற்றுத்தான் மலையைக் கடந்து இறங்கி, ஈரத்தை இழந்து, மட்டக்களப்பில் கச்சானாகவும் வடக்கில் சோளகமாகவும் வீசி மிஞ்சியிருந்த குளத்து நீரையும் உறிஞ்சியது. ஒரே காற்றின் இரண்டு முகங்கள். நமது முன்னோர் வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று நான்கு திசைக் காற்றுக்கும் நான்கு பெயர் வைத்தது அழகுக்காக அல்ல. எது தரும், எது பறிக்கும் என்பதைப் பெயரிலேயே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக. இன்றைய வரைபடம் தருகின்ற காற்றை மாத்திரம் சிவப்பாகக் காட்டுகின்றது. பறிக்கின்ற காற்று அங்கே வெறும் வெள்ளை இடம்.

அந்த வெள்ளை இடத்தில் மனிதர்கள் இருந்தார்கள். பிளாஸ்ரிக் கலன்களோடு பவுசருக்காகக் காத்திருந்தார்கள். விதைநெல்லையும் சமைத்து உண்டார்கள். வெள்ளச் செய்தி வந்தபின்னர் 'இலங்கையில் மழைதானே, வரட்சி முடிந்திருக்குமே' என்று வெளிநாட்டிலிருந்து உறவினர் கேட்டபோது என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

தமிழ்நாட்டிலும் இதே கதை. 2016 டிசம்பர் 12 ஆம் திகதி வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அந்த ஒரு நாளின் படங்கள் இன்றும் இணையத்தில் உலவுகின்றன. ஆனால் அந்த வடகிழக்குப் பருவம் தமிழ்நாட்டில் 62 வீதம் குறைவாகப் பெய்த பருவம் என்பதும், காவிரிப் படுகையின் விவசாயிகள் அந்தக் குளிர்காலத்தில் வாடிய பயிரைப் பார்த்து மனமுடைந்து மாண்டார்கள் என்பதும் எத்தனை பேரின் நினைவில் இருக்கின்றது? பெருவரட்சியின் நடுவே வந்த ஒரு புயல், வரட்சியையே மறைத்துவிட்டது.

காரணம் எளிது. புயலுக்குப் பெயர் உண்டு. வட இந்து சமுத்திரத்தின் 13 நாடுகள், நமது இலங்கை உட்பட, பட்டியல் போட்டுப் பெயர் சூட்டுகின்றன. டித்வா என்பது யேமன் தந்த பெயர், சொக்கோத்ரா தீவிலுள்ள ஒரு களப்பின் பெயர். புயலுக்குக் கண் உண்டு, பாதை உண்டு, கரையைக் கடக்கின்ற நேரம் உண்டு. வரட்சிக்குப் பெயர் இல்லை. அது கரையைக் கடப்பதில்லை. அது வந்த நாள் எது என்று எவராலும் சொல்லமுடியாது. கிணற்றில் ஒரு முழம் குறைகின்றது, பிறகு இன்னொரு முழம். நீர் உவர்க்கின்றது. மாடு விற்கப்படுகின்றது. நகை அடகுக்குப் போகின்றது. இவற்றில் எதனையும் செய்மதி படம் பிடித்து உங்கள் கைத்தொலைபேசிக்கு அனுப்புவதில்லை.

இவ்விடத்தில் ஆர்வலர் ஒருவர் கேட்கலாம்: 'ஐயா, நாங்கள் சம்பளம் வாங்குபவர்களா? எங்களுக்கு மழையிலே விருப்பம், பார்க்கின்றோம். வரட்சியைப் பார்ப்பது அரசின் வேலை அல்லவா?'

நியாயமான கேள்விதான். ஆனால் நீங்கள் இப்போது வெறும் விருப்பத்துக்குப் பார்க்கின்றவர்கள் அல்லர். உங்கள் சொல்லைக் கேட்டு மக்கள் கடலுக்குப் போகின்றார்கள், விதைக்கின்றார்கள், வீட்டைவிட்டு வெளியேறுகின்றார்கள். இத்தனை செவிகள் ஒருவரிடம் வந்து சேர்ந்துவிட்டால் அவருக்குப் பொறுப்பும் வந்து சேர்ந்துவிடும். சம்பளம் வாங்குகின்றாரா இல்லையா என்பது அதன்பின் பொருட்டன்று. இது பத்திரிகைக்காரனுக்கும் பொருந்தும், மருத்துவிச்சிக்கும் பொருந்தும், மழை பார்ப்பவருக்கும் பொருந்தும்.

மேலும், வரட்சியை அறியாதவரால் வெள்ளத்தையும் அறியமுடியாது. இதற்கு இரணைமடுவே சாட்சி.

2018 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வடக்கின் பல பிரதேசங்களுக்குக் குடிநீர் பவுசரில் போனது. அவ்வாண்டு டிசம்பர் 7 ஆம் திகதி, கொள்ளளவு 34 அடியிலிருந்து 36 அடிக்கு உயர்த்தப்பட்ட இரணைமடுக் குளத்தை அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன கிளிநொச்சிக்கு வந்து திறந்துவைத்தார். இரண்டு வாரங்கள் கழிந்தன. 21 ஆம் திகதி இரவு பெருமழை கொட்டியது. வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் பல கிராமங்கள் வெள்ளத்தில் மூழ்கின, ஆயிரக்கணக்கானோர் பாடசாலைகளில் தஞ்சமடைந்தனர். கதவுகள் உரிய நேரத்தில் திறக்கப்பட்டனவா என்ற கேள்வி அப்போது எழுந்தது, விசாரணை வரையிலும் போனது.

அந்தக் கேள்விக்கான விடையைப் பொறியியலாளர்களிடம் விட்டுவிடுகின்றேன். நான் சொல்ல வருவது வேறு. வரண்ட மாதங்களைக் கண்ட ஒரு குளத்தின் காவலன் எப்படிச் சிந்திப்பான்? ஒரு சொட்டையும் விடக்கூடாது, சிறுபோகத்துக்கு வேண்டும், கமக்காரர் கேட்பார்கள் என்றே சிந்திப்பான். நிரம்பிய குளத்தைப் பிடித்து வைத்திருப்பதற்குப் பின்னால் எங்கும் இந்த அச்சம் இருக்கின்றது. வரட்சியின் பயம் கதவை மூடுகின்றது, மூடிய கதவு வெள்ளமாகின்றது. இந்த இரண்டு பக்கங்களையும் ஒரே தாளில் எழுதத் தெரியாதவர் மழைக்கணக்கு எழுதுவதில் பாதிப் பயன்தான்.

சென்னைக்கும் இது தெரியும். 2015 டிசம்பர் முதலாம் திகதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்ரிமீற்றர் மழை. செம்பரம்பாக்கம் ஏரி திறந்துவிடப்பட்டு அடையாற்றின் இரு கரையும் மூழ்கிற்று. அதனை மனிதர் விளைவித்த அனர்த்தம் என்று இந்தியாவின் கணக்காய்வாளர் அறிக்கையே பின்னர் சொன்னது. மூன்றரை ஆண்டுகள் கழித்து, 2019 ஜூனில், அதே செம்பரம்பாக்கம் வெடித்த தரையாகக் கிடந்தது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து புகைவண்டியில் தண்ணீர் வந்தது. வெள்ளத்தின்போது வலைப்பதிவுகளில் நிமிடத்துக்கு நிமிடம் எழுதியவர்கள், ஏரி வற்றிய மாதங்களை நாளுக்கு நாள் எழுதினார்களா? சிலர் எழுதினார்கள், அவர்களை வணங்குகின்றேன். ஆனால் வாசித்தவர் தொகை எத்தனை?

யாழ்ப்பாணத்தவருக்கு ஒரு தனிச்சொல். குடாநாட்டில் ஆறு இல்லை. சுண்ணக்கல்லின் இடுக்குகளில் தேங்குகின்ற மழைநீரே நமது ஒரே சொத்து. வருடத்துக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் பெய்கின்றது என்று புள்ளிவிபரம் சொல்லும். அது முழுவதும் நாற்பது நாட்களில் பரவிப் பெய்தால் நிலம் குடிக்கும், கிணறு நிறையும். அதன் மூன்றிலொரு பங்கு இரண்டு இரவுகளில் கொட்டினால் வெள்ளவாய்க்கால் வழியாகக் கடலுக்குப் போகும். ஆண்டுச் சராசரியிலே குறை இராது, ஆவணியில் கிணற்றிலே நீர் இராது. சராசரி என்பது அதிகாரிகளுக்கு மிகவும் வசதியான எண். 'இவ்வருடம் வழமையான மழை பெய்துள்ளது' என்று ஒரு வரியில் எழுதிக் கோப்பை மூடிவிடலாம். பொறியியலாளர் ஆறுமுகம் 1950 களிலேயே, ஆனையிறவு நீரேரியை நன்னீராக்கி முள்ளியான் வழியாக வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவருகின்ற 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் திட்டத்தை வரைந்தார். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் போயின, அது முழுமையாக நிறைவேறவில்லை. ஒவ்வொரு மார்கழியிலும் கடலுக்குப் போகின்ற நீரைப் படம்பிடித்துப் பதிவேற்றுகின்றவர்கள் இந்தத் திட்டத்தின் பெயரையாவது அந்தப் படத்தின் கீழே எழுதினால் என்ன?

குறை சொல்லிக்கொண்டே போவது எளிது. ஆகவே செய்யக்கூடியவற்றைச் சொல்கின்றேன்.

அரசிடம் கேட்கவேண்டியவை மூன்று. ஒன்று, ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவின் மழையளவும் ஒவ்வொரு பெரிய, நடுத்தரக் குளத்தின் நீர்மட்டமும் நாள்தோறும் மூன்று மொழிகளிலும் பொதுமக்கள் பார்வைக்கு வரவேண்டும். 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கின்றது. எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் பழைய மழைப்பதிவேடு ஒன்றைக் கேட்டபோது, எழுத்தில் விண்ணப்பம், பின்னர் மேலதிகாரியின் அனுமதி, பின்னர் கட்டணம் என்று மூன்று மாதம் அலையவைத்தார்கள். வானத்திலிருந்து இலவசமாக விழுந்ததன் கணக்குக்குக் கட்டணம்! இரண்டு, வான்கதவு திறப்பதற்கு முன்னர் கீழ்க்கிராமங்களுக்கு எத்தனை மணிநேர அறிவித்தல் என்பது எழுத்தில் இருக்கவேண்டும், அது தமிழில் ஒலிபெருக்கியில் ஒலிக்கவேண்டும். மூன்று, ராடர். இனிமேலும் அதற்குக் காரணம் சொல்லக்கூடாது.

பத்திரிகைகளிடம் ஒன்று கேட்கின்றேன். வெள்ளத்துக்கு முதற்பக்கமும் வரட்சிக்கு உட்பக்கத்தின் மூலையும் என்ற வழக்கத்தை விடுங்கள். வெள்ளத்தில் தோணியில் போகின்ற அமைச்சரின் படம் கிடைக்கும். வரண்ட குளத்துக்கு எந்த அமைச்சரும் வருவதில்லை, ஆகவே படமும் இல்லை. அமைச்சர் வராத இடத்துக்குச் செய்தியாளர் போகவேண்டும்.

ஆர்வலர்களிடம் எனது வேண்டுகோள் இதுதான். ஒரு மழைமானி வாங்குங்கள், அல்லது நேரான சுவருள்ள ஒரு பாத்திரத்தையும் அடிமட்டத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் காலை 8.30 மணிக்கு எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மாத்திரமல்ல, வைகாசியிலும் ஆனியிலும் ஆடியிலும். பூச்சியம் என்றால் பூச்சியம் என்று எழுதுங்கள். தொண்ணூறு நாள் பூச்சியத்தைத் தொடர்ச்சியாக எழுதிய ஒரு பதிவேடு, 500 மில்லிமீற்றர் எழுதிய ஒரு நாளைவிடப் பெறுமதியானது. ஏனெனில் நிவாரணம் மறுக்கப்படுகின்றபோது ஒரு கமக்காரர் அதனை மேசையில் போட்டு, 'இந்தாருங்கள், என் ஊரில் மழை இல்லை' என்று சொல்லலாம். வெள்ளம் தன்னைத் தானே நிரூபிக்கும். வரட்சிக்குச் சாட்சி வேண்டும்.

கூடவே, சாவு நடக்கின்ற இரவில் 'சாதனை' என்ற சொல்லைத் தவிருங்கள். 'பெய்யட்டும், கொட்டட்டும்' என்று எழுதுகின்ற விரல், லயத்தின் பின்சுவரை ஒருகணம் நினைத்துக்கொள்ளட்டும். மழையை விரும்புவதில் தவறில்லை. கமக்காரனைவிட மழையை விரும்புகின்றவன் எவன்? ஆனால் அவன் மழையை அளவோடு விரும்புகின்றான்.

கடைசியாக, கடல்கடந்து வாழ்கின்ற வாசகர்களுக்கு. வெள்ளம் வந்தால் ஒரே வாரத்தில் உங்கள் நகரங்களில் நிதி திரண்டுவிடுகின்றது. உலருணவுப் பொதிகள் வருகின்றன. நன்றி. ஆனால் வரட்சிக்கு இதுவரை எந்த மண்டபத்திலும் உண்டியல் வைக்கப்பட்டதை நான் கேள்விப்படவில்லை. மார்கழியில் ஊருக்குத் தொலைபேசி எடுத்து 'அங்கே மழையாமே?' என்று கேட்கின்றீர்கள். ஆவணியிலும் ஒருமுறை எடுங்கள். கிணற்றில் எத்தனை முழம் தண்ணீர் நிற்கின்றது என்று கேளுங்கள். சொல்லுகின்ற எண்ணை எழுதி வையுங்கள்.